ஓடும்போது ஹீட் ஆகுதா, நிக்கும்போது ஹீட் ஆகுதா?

ரேடியேட்டர் ரிப்பேர் செய்கிற ஒரு பாயின் கடையைப் பற்றி எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் கடைப் பெயரும் போன் நம்பரும் இருக்காது. எழுதட்டுமா என்று கேட்டதற்கு பாய் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "இருக்கிற வண்டியையே முடிக்க முடியல தம்பி, பேரெல்லாம் போட்டுடாதீங்க." கோவை உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகள் இருக்கும் பக்கம் போய், லாரி ரேடியேட்டருக்கு ஈயம் வைக்கிற பாய் எங்கே என்று டீக்கடையில் கேட்டால் கை காட்டுவார்கள், நானும் அப்படித்தான் போனேன். நாலரை ஸ்டார் கொடுக்கிறேன். அந்த அரை ஸ்டார் எங்கே போச்சு என்பது கடைசியில் வரும்.

என் வண்டி 14 வருடம் ஆன பெட்ரோல் ஹேட்ச்பேக். எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டருக்கும், ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சருக்கும் சேர்த்து ஒரே ஃபேன். சேலம், ஈரோடு என்று ஹைவேயில் எவ்வளவு ஓட்டினாலும் முணுமுணுக்காது. மாதத்துக்கு ஒரு தடவை ரிசர்வ் டேங்கில் தண்ணீர் குறையும், வீட்டுக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்து ஊற்றிவிடுவேன். வீட்டுக் குழாய் என்றால் போர் தண்ணீர். எங்கள் ஏரியா போர் தண்ணீரில் பருப்பு வேகாது, பக்கெட்டில் வெள்ளையாகப் படியும். அதைத்தான் நாலைந்து வருடமாக எஞ்சினுக்கு ஊற்றியிருக்கிறேன். யாரையும் குறை சொல்வதற்கு முன்னால் இதை ஒத்துக்கொள்வதுதான் நியாயம்.

மே மாதம் குடும்பத்தோடு வால்பாறை கிளம்பினோம். ஆழியாறு செக்போஸ்ட், குரங்கு அருவி எல்லாம் தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவுகளில் 9ஆவதுதான் ஏறியிருப்போம், லோம்ஸ் வியூ பாயின்ட் வந்தது, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கும் வந்தது. முன்னால் ஒரு பஸ், செகண்ட் கியரில் ஊர்ந்துகொண்டே ஏசி போட்டு ஏறியதன் பலன். ஓரம் கட்டினால் பானெட்டுக்குள் இருந்து குக்கர் மாதிரி சத்தம். மேலே பாறையில் இரண்டு வரையாடுகள் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன, பிள்ளைகளுக்கு அதுதான் அன்றைய டூர்.

மச்சான் உடனே தண்ணீர் பாட்டிலோடு ரேடியேட்டர் கேப்பைத் திறக்கப் போனார். நல்லவேளை, பின்னால் வந்த தேயிலை லாரி டிரைவர் அண்ணன் சத்தம் போட்டு நிறுத்தினார். சூடாக இருக்கும்போது கேப்பைத் திறந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் ஒரே அடியாக ஆவியாகி முகத்தில் அடிக்கும். இதைத் தெரிந்துகொண்டே செய்கிறவர்களும் இருக்கிறார்கள், முழங்கை வரை வெந்துபோனவர்களை எனக்குத் தெரியும். முக்கால் மணி நேரம் காத்திருந்து, ஈரத்துணி போட்டுக் கால் திருகு மட்டும் திருகி, புஸ்ஸென்று காற்று போன பிறகுதான் முழுசாகத் திறந்தார் அந்த அண்ணன். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் இடத்தில் முடி மாதிரி ஒரு கீறல், அதிலிருந்து கசிவு. அவர் லாரி கேபினில் இருந்த சமையல் டப்பாவைத் திறந்து இரண்டு ஸ்பூன் மஞ்சள்தூள் எடுத்து உள்ளே போட்டார். புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளுக்கு இப்படியும் ஒரு பிழைப்பு. கசிவு நின்றது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு (அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் நம் பக்கம் தள்ளிவிடும்), மே மாத வெயிலில் ஜன்னலைத் திறந்துபோட்டு, வந்த வழியே இறங்கிக் கோவை வந்து சேர்ந்தோம். வால்பாறையை இன்னும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் மூன்று பேரிடம் போனேன். யாருடைய பெயரும் வேண்டாம்.

முதலாமவர் எங்கள் தெரு மெக்கானிக். பத்து நிமிடத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குங்க, குளுரு நாட்டுக்காரனுக்குங்க அது." இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் தன் சூட்டுக்கு வரும்வரை ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் வால்வு, உள்ளே மெழுகு இருக்கும், 82, 88 என்று அதன் மேலேயே டிகிரி அடித்திருக்கும், அந்தச் சூடு வந்ததும் மெழுகு விரிந்து வழி விடும். அதைக் கழற்றினால் எஞ்சின் சூடேற நேரம் எடுக்கும், பெட்ரோல் கூடக் குடிக்கும். என் வண்டியில் மைலேஜ் குறைந்தது, காந்திபுரம் சிக்னலில் ஹீட் ஆவது மட்டும் குறையவில்லை.

இரண்டாவது, கண்ணாடிக் கதவும் காபி மிஷினும் வைத்த ஒரு சர்வீஸ் சென்டர். பானெட்டைத் திறந்தார்கள், கசிவைப் பார்த்தார்கள், ரேடியேட்டர் அசெம்பிளி மாற்ற வேண்டும் என்று பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஏன் ஹீட் ஆனது என்று கேட்டேன். "லீக் ஆனதால சார்." ஏன் லீக் ஆனது? "ஹீட் ஆனதால சார்." எஸ்டிமேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது ஆள் நண்பன் சொல்லி அனுப்பியவர். ஹெட் கேஸ்கட் போயிருச்சு, ஹெட்டை இறக்கணும், 18 ஆயிரம் ஆகும் என்றார் (எஞ்சினுக்கும் அதன் மேல் பாகமான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட், அது போனால் ஆயிலில் தண்ணீர் கலக்கலாம்). இதை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே சொன்னார்.

சரி, பாய் கடை. கடை என்றால் தகரக் கூரை, ஒரு சிமென்ட் தண்ணீர்த் தொட்டி, கேஸ் டார்ச், சுவர் முழுக்க சாய்த்து வைத்த லாரி ரேடியேட்டர்கள். உட்கார நாற்காலி கிடையாது, பழைய பேட்டரி ஒன்றின் மேல் பலகை போட்டிருக்கிறார். பாய்க்கு 60 வயது இருக்கும். வண்டியை விட்டு இறங்கியதும் என்னைத்தான் பார்த்தார், வண்டியைப் பார்க்கவில்லை.

"ஓடும்போது ஹீட் ஆகுதா, நிக்கும்போது ஹீட் ஆகுதா?"

மூன்று பேரும் கேட்காத கேள்வி. நிக்கும்போதுதான் பாய், சிக்னல்ல, மலையில மெதுவா ஏறும்போது, ஹைவேல ஒண்ணுமில்ல என்றேன். அடுத்து, "சிக்னல்ல நிக்கையில ஏசி காத்து வெதுவெதுன்னு வருமே?" என்றார். ஆமாம், அதற்காக இரண்டு முறை ஏசி கேஸ் வேறு அடித்திருக்கிறேன் என்றேன். சிரித்தார். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசி போடச் சொன்னார். ஃபேன் சுற்றவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து ஃபேன் மோட்டாருக்குப் போகும் ஒயர் கப்ளரை லேசாக ஒரு தட்டுத் தட்டினார், உர்ரென்று ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. கப்ளரை உருவிக் காட்டினார். வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் ஒரு பக்கம் வறுத்த வேர்க்கடலை நிறத்தில் கருகி, உள்ளே இருந்த பித்தளைப் பின் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. சில சமயம் தொடும், சில சமயம் தொடாது. ஹைவேயில் 80இல் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், ஃபேன் இல்லாதது தெரியாது. நிற்கும்போதும் மலையில் ஊரும்போதும் ஃபேனை விட்டால் வேறு வழி இல்லை. அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

ஹெட் கேஸ்கட் விஷயத்தையும் சொன்னேன். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து விரலால் வழித்துப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் காபி நுரை மாதிரி வெளுத்து இருக்குமாம், எனக்குக் கருப்பு ஆயில்தான். ரேடியேட்டர் கேப்பைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே விடாமல் முட்டை முட்டையாகக் குமிழி வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார், வரவில்லை. சைலன்சரில் விடாத வெள்ளைப் புகையும் இல்லை. "ஹெட்டு நல்லாருக்கு, அவரு கண்ணுதான் போயிருச்சு" என்றார். 18 ஆயிரம் அங்கேயே மிச்சம்.

அப்புறம் கேப். சின்ன சாமான் என்று நாம் நினைப்பது. அதில் இரண்டு வால்வு. ஒன்று அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பிரிங். 1.1 என்று அழுத்த அளவு போட்ட கேப் சரியாக இருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரிக்குக் கிட்டத்தில் போய்த்தான் கொதிக்கும், ரப்பர் போய்விட்டால் 100லேயே கொதித்து வெளியே வந்துவிடும், மலை மேலே அதற்கும் முன்னாலேயே. இன்னொன்று நடுவில் இருக்கும் குட்டி வால்வு, எஞ்சின் ஆறும்போது ரிசர்வ் டேங்கில் இருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுக்க வழி விடுவது. என் வண்டியின் மேல் ஓஸ் காலையில் பார்த்தால் சப்பிப்போய் இருக்கும், அதை நான் ஓஸ் பழசாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அந்தக் குட்டி வால்வு உப்புப் பிடித்து ஒட்டிக்கொண்டதுதான் காரணம். பாய் நகத்தால் நெண்டிக் காட்டினார், வெள்ளைத் துகளாக உதிர்ந்தது. எங்கள் வீட்டு போர் தண்ணீர்!

ரேடியேட்டரை இறக்கிக் காற்றுக் குழாய் மாட்டித் தொட்டியில் முக்கியது பார்க்க வேண்டிய காட்சி. பஞ்சர் கடையில் ட்யூப்பை முக்குவது போலத்தான். மஞ்சள் அடைத்த இடத்தைத் தவிர இன்னும் இரண்டு இடத்தில் முத்து முத்தாகக் குமிழி கிளம்பியது. அதற்கப்புறம் மேல் வாயில் ஓஸ் வைத்துத் தண்ணீர் விட்டார், கீழ் வாயில் வர வேண்டிய வேகத்தில் பாதிகூட வரவில்லை. வந்தது சாம்பார் நிறம். மஞ்சளும் உப்பும் சேர்ந்து டியூப்பில் அப்பிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் போடுவது தப்பா என்று கேட்டேன். "ரோட்டுல நின்னா போடலாம் தம்பி, வீட்டுக்கு வந்ததும் கழுவணும். நீங்க ஒரு மாசம் ஊற வெச்சிருக்கீங்க."

கழுவி ஓட்ட முடியாதா? இங்கேதான் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. பக்கத்திலேயே ஒரு பையன் லாரி ரேடியேட்டர் ஒன்றுக்கு ராடு அடித்துக்கொண்டிருந்தான். செம்பு, பித்தளை. டார்ச் காட்டி ஈயத்தை இளக்கினால் டேங்க் தனியாகக் கழன்று வரும், தட்டையான கம்பியை ஒவ்வொரு டியூப்பிலும் விட்டு இழுத்தால் உப்பு பொடிப்பொடியாகக் கொட்டும், திரும்ப ஆசிட் தொட்டு ஈயம் வைத்து டேங்கை ஒட்டினால் இன்னும் பல வருடம் ஓடும். அந்த ஆசிட் வாசனை மூக்கில் ஏறி மாலை வரை இருந்தது, மூக்கடைப்பு இருப்பவர்கள் கைக்குட்டை கொண்டுபோங்கள். இந்த வேலையெல்லாம் நம் கார்களுக்குச் செல்லாது. இப்போது கார்களில் வருவது மெல்லிய அலுமினிய கோர் (டியூப்களும் அவற்றுக்கு நடுவில் ஃபின் என்கிற மெல்லிய தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதி), மேலும் கீழும் பிளாஸ்டிக் டேங்க், நடுவில் ரப்பர் கேஸ்கட், ஓரத்தில் அலுமினியப் பல்லை மடக்கி இறுக்கியிருப்பார்கள். கம்பி விட்டால் டியூப் கிழிந்துவிடும். கோர் நன்றாக இருந்தால் பல்லை நிமிர்த்தி டேங்கை மட்டும் மாற்றித் தருகிறார், அது பாதிச் செலவில் முடியும். எனக்குக் கோரும் போய்விட்டதால் முழுசாகப் புதுசு. ஆக, சர்வீஸ் சென்டர் சொன்னதும் புது ரேடியேட்டர்தான், பாய் சொன்னதும் புது ரேடியேட்டர்தான். ஆனால் கருகிய கப்ளரையும் ஒட்டிய கேப்பையும் அப்படியே விட்டுப் புதுசை மாட்டியிருந்தால் அடுத்த மலையில் அதே வரையாடுகளைப் பார்த்திருப்பேன்.

எந்த ரேடியேட்டர் வாங்குவது என்பதற்கு அவர் செய்தது எனக்குப் பிடித்தது. இரண்டு சரக்கு வரவழைத்தார், ஒன்று பெட்டியில் விலையும் வாரண்டி கார்டும் போட்ட கம்பெனி சரக்கு, இன்னொன்று வெறும் பிளாஸ்டிக் கவரில் வந்தது, 1,300 ரூபாய் கம்மி. பழையதைப் பக்கத்தில் படுக்கவைத்து டியூப்களை எண்ணச் சொன்னார். கவர் சரக்கில் இரண்டு டியூப் குறைவு, கோர் கனமும் குறைவு, ஃபின்கள் சீப்புப் பல் மாதிரி அகல அகலமாக இருந்தன. வெளியே அளவு ஒன்றுதான், போல்ட் கூடச் சரியாக உட்காரும், கண்ணுக்குத் தெரியாது. ஏசி வண்டிக்கும் ஏசி இல்லாத வண்டிக்கும் சில மாடல்களில் கோர் வேறு, ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் பலவற்றில் கியர் ஆயிலை ஆற்ற ரேடியேட்டருக்குள்ளேயே தனிக் குழாய் உண்டு, அதனால் வண்டி பெயரை மட்டும் சொல்லி ஆன்லைனில் ஆர்டர் போட்டுக்கொண்டு வராதீர்கள், அப்படி வந்ததில் பாதி திரும்பிப் போகிறது என்றார். கம்பெனி சரக்கையே எடுத்தேன்.

மாட்டும்போது கீழே ரேடியேட்டர் உட்காரும் ரப்பர் புஷ்களைக் கழுவித் திரும்பப் போட்டார். அது இல்லாமல் உட்கார வைத்தால் ரோட்டுக் குலுக்கல் முழுக்கக் கோருக்குப் போகும். புதுத் தெர்மோஸ்டாட் ஒன்றும் போடச் சொன்னேன். அதை மாட்டுவதற்கு முன்னால் எதிர் டீக்கடையில் இருந்து ஒரு சொம்பு கொதிக்கிற வெந்நீர் வாங்கிவந்து, கம்பியில் கட்டி உள்ளே விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்ன வால்வு மெதுவாக வாய் திறந்தது, வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது. டீ குடிக்க வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

வெறும் தண்ணீருக்குப் பதில் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் விஷயத்தில் ஒரே கண்டிப்பு. கான்சென்ட்ரேட் (தண்ணீர் கலக்காதது) என்றால் பாதிக்குப் பாதி பேட்டரி தண்ணீர், பிரீமிக்ஸ் (கலந்தே வருவது) என்றால் தண்ணீரே சேர்க்கக் கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறம் பார்த்து ஊற்றாதீர்கள், நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வண்டிப் புத்தகத்தில் என்ன வகை என்று போட்டிருக்கிறதோ அதுதான். கோயமுத்தூர்க்காரன் புத்தியில் சிறுவாணித் தண்ணீர் ஊற்றலாமா, அதில் உப்பே இல்லையே என்று கேட்டுவைத்தேன். "சிறுவாணி குடிக்கிறதுக்கு தம்பி." பழைய கூலன்ட்டைத் தரையில் விடாமல் கேனில் பிடித்து மூடி போட்டு வைக்கிறார். அது இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துவிடும், கடை வாசலில் படுத்திருக்கும் வெள்ளை நாய் அவருடையது.

நிரப்பிய பிறகு காற்று எடுப்பதற்கே அரை மணி நேரம். வண்டியின் முன் சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றி, கேப்பைத் திறந்துவைத்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஓஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டார். கொளக், கொளக்கென்று குமிழி வரும், லெவல் இறங்கும், ஊற்றுவார், திரும்ப அமுக்குவார். ஃபேன் தானாக இரண்டு தடவை ஓடி நின்ற பிறகுதான் கேப்பைப் போட்டார். காற்று உள்ளே நின்றால் புது ரேடியேட்டரிலும் ஹீட் ஆகும், மறுநாள் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது லெவலைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கணக்கு: ரேடியேட்டர் 3,400, கேப் 180, தெர்மோஸ்டாட் 450, மேல் ஓஸ் 280, ஃபேன் கப்ளர் 300, கூலன்ட் 640, கூலி 900. பழைய அலுமினியத்துக்கு 150 கழித்து 6,000 ரூபாய். ஜிபே உண்டு.

இப்போது அரை ஸ்டார். இரண்டு நாள் என்றார், நாலு நாள் ஆனது. போன் எடுக்க மாட்டார், எடுத்தால் "ஆச்சு ஆச்சு" என்பார், நேரில் போனால் ஆகியிருக்காது. பில் கிடையாது, துண்டுச் சீட்டில் பென்சில் எழுத்து. வாரண்டி கார்டில் மட்டும் நான் வற்புறுத்தி, சரக்கு வாங்கிய ஸ்பேர்ஸ் கடையின் சீலை வாங்கிவரச் சொன்னேன். எல்லாவற்றையும் விட, மூன்றாம் நாள் கீழ் ஓஸ் கிளிப்பில் சொட்டியது. இவ்வளவு பார்த்தவர் பழைய கிளிப்பையே திரும்ப மாட்டியிருக்கிறார், 30 ரூபாய்ச் சாமான். கோபத்தோடுதான் போனேன். பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார், பையனிடம் வேலையை விடாமல் தானே கீழே படுத்துப் புது கிளிப் மாட்டினார், குறைந்த கூலன்ட்டையும் அவர் கணக்கிலேயே ஊற்றினார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

இப்போது மூன்று மாதம் ஆகிறது, ஒரு சொட்டுக் குறையவில்லை, சிக்னலில் ஏசி ஜில்லென்று வருகிறது. போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகைக்குப் பூட்டிவிடுவார். காலையில் 10 மணிக்குள் போங்கள். வண்டியைச் சூடாகக் கொண்டுபோனால் ஒரு மணி நேரம் ஆறட்டும் என்று பானெட்டைக்கூடத் திறக்காமல் உட்கார வைத்துவிடுவார், அந்த நேரத்துக்கு எதிர்க் கடையில் பருப்பு வடை நன்றாக இருக்கும்.